மனுவில் பதினேழாவது பெயர்

இந்த நாட்டில் எல்லாருக்கும் தங்கள் அடையாள அட்டை எண் மனப்பாடம். ஐசி என்பார்கள் அந்த அட்டையை. கிளினிக்கிலோ தபால் நிலையத்திலோ கைப்பேசிக் கடையிலோ கேட்டால் போதும், பன்னிரண்டு இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசுகிறவர்களும் எண்ணை மட்டும் மலாயில்தான் சொல்கிறார்கள். முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதி என்பதால், வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிற அம்மாளின் வயது எனக்கு இலவசமாகத் தெரிந்துவிடும். எங்கள் திண்டுக்கல்லில் ஒரு பெண்ணின் வயதைக் கண்டுபிடிக்க, அவள் கல்யாணம், மூத்த மகனின் பத்தாம் வகுப்பு, நாத்தனாரின் வாய்த்துடுக்கு என்று மூன்று பக்கமிருந்து விசாரிக்க வேண்டும். என் முறை வரும்போது நான் கடவுச்சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து வாசிப்பேன். வந்து மூன்று வருடமாகியும் அது மனதில் நிற்கவில்லை.

என் கணவருக்குக் காஹாங் அருகே ஒரு செம்பனை ஆலையில் பொறியாளர் வேலை. பாமாயில் என்று நீங்கள் ரேஷனில் வாங்கும் எண்ணெய் இந்தச் செம்பனையிலிருந்து வருவதுதான். ஊரில் நான் சமூகப்பணியில் பட்டம் வாங்கி, ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு வருடம் ஓடியாடி வேலை பார்த்தவள். இங்கே அவருடைய பெர்மிட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த மனைவி. வேலை பார்க்கக் கூடாது, முறையாக அனுமதி கேட்டால் படிக்கலாம் என்றார்கள். என்னைப் போலக் கணவர் பின்னால் விமானம் ஏறி வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமைத்து முடித்தபின் வரும் பதினொரு மணி எவ்வளவு நீளமானது என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதுகலை படிக்கலாம் என்று இடம் தேடத் தொடங்கினேன்.

சமூகப்பணிப் படிப்பில் இரண்டு வழி உண்டு. ஓர் ஆளையோ ஒரு குடும்பத்தையோ உட்காரவைத்துப் பேசி, அவர்களுடைய சிக்கலை அவர்களோடு சேர்ந்து அவிழ்ப்பது ஒன்று. ஊர், அமைப்பு, சட்டம், திட்டம் என்று பெரிய அளவில் மாற்றப் பார்ப்பது இன்னொன்று. அதற்கு மேக்ரோ என்று பெயர். எனக்கு மேக்ரோதான் என்பதில் அதுவரை சந்தேகமே இருந்ததில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து அழுதால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நூறு பேர் நின்று கத்தினால் தெம்பாக இருப்பேன்.

மூன்று இடங்கள் தேறின. சென்னையில் ஒரு கல்லூரி, பேராசிரியர்களைத் தெரியும், ஆனால் வீட்டை இங்கே வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் படிப்பது? கோலாலம்பூர்ப் பக்கம் ஒன்று, முதல் வருடம் தனி ஆட்களோடு வேலை, இரண்டாம் வருடம்தான் மேக்ரோ. மூன்றாவது ஏதோ தூர தேசத்துப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்துவது, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மேக்ரோ மட்டும். அதன்மேல்தான் எனக்கு ஆசை. விண்ணப்பத்தில் "உங்கள் கம்யூனிட்டி" என்று ஒரு கட்டம் இருந்தது. ஊர்ப் பழக்கத்தில் கை தானாக "பிசி" என்று தட்டிவிட்டது. அவர்கள் கேட்டது நான் வாழும் மக்களைப் பற்றி, சாதிப் பிரிவைப் பற்றி இல்லை என்று உறைத்ததும் யாரும் பார்க்கவில்லையே என்று அழித்தேன். அழித்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன்.

"புடவைக் கடையில கூட நீ இவ்வளவு நேரம் நின்னதில்ல. ஏதாச்சும் ஒண்ண அமுக்கிரு" என்றார் கணவர். அமுக்கியிருப்பேன். ஆனால் கோலாலம்பூரும் தூர தேசமும் ஒரே கட்டுரையைக் கேட்டன. இப்போது வாழும் இடத்தில் நீங்கள் முன்னின்று கொண்டுவந்த ஒரு மாற்றத்தை எழுதுக. மூன்று வருடத்தில் நான் இந்த ஊரில் கொண்டுவந்த ஒரே மாற்றம், எங்கள் வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி வைத்தது.

காஹாங்கில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குறுக்குவழி என்று எங்கள் தெருவில் புகுந்து பறக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்திலும் பறக்கும். ஒரு மத்தியானம் லாரியிலிருந்து ஒரு குலை தெறித்து, முள்ளும் பழமுமாக எதிர்வீட்டுச் சாந்தி அக்காவின் கேட்டில் வந்து மோதியது. அந்த இடத்தில் ஒரு வேகத்தடை வேண்டும் என்பது உண்மை. எனக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்பதும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது கேட்டால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் எனக்குப் பிழைப்பே மனுதான். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறை கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேனில் பெண்களை ஏற்றிக்கொண்டு, காலிக் குடங்களோடு போய் இறங்குவேன். பெறுநர், பொருள், ஐயா வணக்கம், கடைசியில் இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள். வெறும் கையெழுத்துக்கு மரியாதை கிடையாது. பெயர், கதவு எண், குடும்ப அட்டை எண் எல்லாம் இருந்தால்தான் மனுவுக்குக் கனம். அட்டை இல்லாதவர்களையும் நாங்கள் விடமாட்டோம். பெயரை எழுதி, எதிரே சிவப்பு மையில் "குடும்ப அட்டை இல்லை" என்று எழுதுவோம். அது எங்கள் தொழில் தந்திரம். தண்ணீருக்காகக் கொடுத்த மனுவைப் புரட்டும் அதிகாரியின் கண்ணில் அந்தச் சிவப்பு உறுத்தும், இந்தம்மாவுக்கு ஏன் அட்டை இல்லை என்று கேட்பார், குழாய் வருவதற்கு முன்னால் அட்டை வந்துவிடும். அப்படி அட்டை வாங்கியவர்கள் இன்னும் பொங்கலுக்கு எனக்குப் போன் செய்கிறார்கள்.

அதே முறையில் ஒரு தாளில் கட்டம் போட்டு, வீட்டு எண், பெயர், ஐசி எண், கையெழுத்து என்று தலைப்பிட்டு, முதலில் சாந்தி அக்காவிடம் போனேன்.

"எதுக்கும்மா பேரெல்லாம் எழுதி வாங்குற? தெரிஞ்ச ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும் லா" என்றார்.

"சொல்லி எத்தன வருஷமாச்சுக்கா?"

"அலமாக், உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்று கையெழுத்துப் போட்டு, எண்ணை ஒப்பித்தார்.

மல்லிகா மலாயில் சொல்லச் சொல்லத்தான் நான் மனுவை எழுதினேன். சாந்தி அக்கா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தவள், முப்பதைத் தொடாத வயது, டவுனில் ஒரு பாய் கடையில் ரொட்டி சானாய்க்கு, நம் பரோட்டா மாதிரிதான், மாவு பிசையும் வேலை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். நான் வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது கிளினிக்குக்குக் கூட்டிப்போனவள். என் மலாயைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளும் அவள்தான். கிளினிக்கில் அவள் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றதையும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முகப்புவரை வந்து பின்தங்கிவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வழிவிடும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

தாளை நீட்டியபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டாள், பேனாவை வாங்கவில்லை.

"எனக்கு ஐசி கிடையாதுக்கா. இங்க காஹாங்லதான், உள்ள தோட்டத்துல பொறந்தேன். பொறந்த ஒடனே அம்மா போயிட்டாங்க, அப்பா யாருகிட்டயும் போய்ப் பதியல. விடுங்க, அடுத்த வீடு பாருங்க."

"அதெப்படி விடறது? நீயும் இந்தத் தெருதான?"

"ஆமா, இந்தத் தெருதான்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பதினேழாவது வரிசையில் அவள் பெயரை நானே எழுதினேன். சாந்தி அக்கா வீட்டு எண், பின்னறை. ஐசி கட்டத்தில் "தியாடா", இல்லை. சிவப்பு மையில். யாராவது பார்ப்பார்கள், ஏன் இல்லை என்று கேட்பார்கள், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குப் பெருமை வேறு.

"இதுல உன் பேரு இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"போடட்டுமா?"

"வேணாம்மா. பெர்மிட் புதுப்பிக்கிற நேரம். அதுலயும் அந்த லாரியில பாதி எங்க மில்லுக்கு வர்றது."

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். நான் வெறும் உதவி செய்கிறவள்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மனுவை நகராட்சியில் கொடுத்து மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் சீருடை போட்ட இரண்டு பேர் நாடாவும் கோப்புமாக வந்தார்கள். சாலையை அளந்தார்கள். பிறகு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, லாரிகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று சில வீடுகளில் விசாரித்தார்கள். சாந்தி அக்கா கேட்டில் நின்று அக்காவின் பெயரை வாசித்தவர், கீழே அதே வீட்டு எண்ணில் இன்னொரு பெயரைப் பார்த்து "மல்லிகா?" என்று கேட்டிருக்கிறார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அக்கா பதறிப்போய், சீருடைக்காரர்கள் உன் பெயரைக் கேட்கிறார்கள் என்று கடைக்குப் போன் அடித்துவிட்டார். நான் அந்த நேரத்தில் தெருவில் நின்று, வந்தவர்களுக்கு என் அரைகுறை மலாயில் எங்கே மேடு போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மல்லிகா அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. ஐசி இல்லாததற்குத் தன்னைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து, கடையின் பின்வாசல் வழியாகப் போய்ப் பஸ் ஏறிவிட்டாள் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

வேகத்தடை வந்துவிட்டது. சொன்ன இடத்தில், மஞ்சள் கோடு போட்டு, நல்ல உயரமாக. லாரிகள் முனகிக்கொண்டு ஏறி இறங்கின. பிள்ளைகள் அதன்மேல் நின்று குதித்தார்கள். கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் "நீங்கதானே அந்த மேடு?" என்று விசாரித்தார்கள். நான் மூன்று பக்கத்துக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன். மக்களைத் திரட்டியது, அதிகாரிகளை அணுகியது, முடிவு கிடைத்தது, எல்லாம் கச்சிதமாக இருந்தது. திரும்ப வாசித்தபோது அதில் மல்லிகா இல்லை. எதிர்வீட்டுப் பின்னறையும் பூட்டியே கிடந்தது. என் போனை அவள் எடுக்கவில்லை. அனுப்பு என்கிற பொத்தானை அமுக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் இருக்கும் இடத்தைச் சாந்தி அக்காவிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாயாங் லாயாங் என்கிற ஊருக்குப் போனேன். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பெரியம்மா மகள் வீடு. கணவர் காரிலேயே இருந்துகொண்டார். மல்லிகா என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கோவமா மல்லிகா?"

"கோவம்லாம் இல்லக்கா. அவங்க ரோடு அளக்கத்தான் வந்தாங்கன்னு அப்புறம் தெரிஞ்சிச்சி. ஆனா அந்தத் தாள்ல என் பேரு இருக்குல்ல? அது எங்க போவுது, யாரு பாக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் திண்டுக்கல் கதையைச் சொன்னேன். சிவப்பு மை, அதிகாரி, ரேஷன் அட்டை, பொங்கல் போன். கேட்டு முடித்து, "அந்தப் பொம்பளைங்க எல்லாம் உங்க கூடவே வந்து நின்னாங்கல்ல?" என்றாள். ஆமாம், நின்றார்கள். அவர்கள் பெயரை அவர்கள் முன்னால்தான் எழுதினேன்.

"நீங்க எத்தனாவது பேருக்கா?"

"நான் போடல."

"ஏன்?"

"பெர்மிட் இருக்குல்ல. அவரு வேலை வேற..."

"பயந்துட்டீங்க லா."

"ஆமா."

"எனக்கும் அதேதான்க்கா" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம். அவள் ஒன்றும் நடக்காதது மாதிரி எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அந்தப் படிப்பு முடிச்சா என்ன செய்வீங்க? இன்னும் நெறைய பேருகிட்ட எழுதி வாங்குவீங்களா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் இருபக்கமும் செம்பனை. என் மண்டைக்குள் ஒரே சந்தை இரைச்சல். மேக்ரோ எல்லாம் வேண்டாம், ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள் என்று ஒரு குரல். அப்படி உட்கார்ந்து பேசினால் மட்டும் அவளுக்கு ஐசி வந்துவிடுமா, இதற்கெல்லாம் மேலே இருக்கிற சட்டத்தைப் பார்க்கத்தானே ஆள் வேண்டும் என்று இன்னொரு குரல். சட்டத்தைப் பார்க்கப் போகிற ஆள் எதிர்வீட்டுக்காரியைப் பார்க்கவில்லையே என்று மறுபடி முதல் குரல். கணவர் நடுவில், "கடைசி தேதி வெள்ளிக்கிழமைதான?" என்றார். அவர்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

வேகத்தடைக் கட்டுரையை அழித்துவிட்டு, பதினேழாவது வரிசையைப் பற்றி எழுதினேன். அவள் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன், "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றாள். நான் கொண்டுவந்த மாற்றம் என்ன என்ற கேள்விக்கு அது பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆசைப்பட்ட தூர தேசத்து விண்ணப்பத்தை மூடிவிட்டு, முதல் வருடம் முழுக்க ஆட்களோடு உட்காரவைக்கிற கோலாலம்பூருக்கு அனுப்பினேன். மேக்ரோதான் என் வழி என்ற எண்ணம் போகவில்லை. அதற்கு முன்னால் கற்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான். முடிவு சரியா என்று கேட்காதீர்கள். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

போன வாரம் மல்லிகாவே கூப்பிட்டாள்.

"குளுவாங் பதிவு ஆபீஸ்ல போய் ஐசிக்குக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்க்கா. பெரியம்மா மக அவ ஐசி நகல் குடுத்திருக்கா, தோட்டத்துல தெரிஞ்ச ஒரு பெரியவரும் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க வர்றீங்களா? பேச வேணாம். கூட நின்னா போதும்."

போனேன். பழக்க தோஷம், அவளுடைய கோப்பை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அலுவலக வாசலில் எண் சீட்டுக் கொடுக்கும் காவலர் என்னையும் கோப்பையும் பார்த்தார். என் நடையிலோ உடையிலோ வெளியூர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் எங்கே என்று மலாயில் என்னைக் கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து, மல்லிகா பக்கம் திரும்பி, உங்கள் சிநேகிதிக்கு இங்கே இல்லை, குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். வெளிநாட்டுக்காரிக்கு உதவ வந்த உள்ளூர்க்காரி என்று அவளை எடுத்துக்கொண்டார். அவள் அப்படியே நின்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்திருக்கலாம், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு வாய் துறுதுறுத்தது. பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மல்லிகா என் கையிலிருந்து கோப்பை வாங்கினாள். "புக்கான் டியா" என்றாள். அவங்க இல்ல. பிறகு கொஞ்சம் மெதுவாக, "சாயா." நான்.

காவலர் அவளை இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். கூட்டமாக இருக்கிறது, விண்ணப்பிக்கிறவர் மட்டும் உள்ளே, நீங்கள் வெளியே இருங்கள் என்று எனக்குக் கை காட்டினார்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. அதில் ஒரு மலாய் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் அமர்ந்ததும் சிரித்து, "ஓராங் மானா?" என்று கேட்டார். எந்த ஊர்க்காரி என்று அர்த்தம். இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக இந்தியா என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று வாயைத் திறந்ததும் "காஹாங்" என்று வந்துவிட்டது. எனக்கே திக்கென்றது. அந்த அம்மா "ஓ, காஹாங்" என்று தலையாட்டிவிட்டு, தன் பையை நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காஹாங்கில் பிறந்தவள் கவுன்ட்டரில் நின்று, கோப்பைப் பிரித்துக் காட்டி, அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.